துவக்குக்கடை அக்கா

அக்காவிடம் யாரும் தெருவில் நின்று "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்பதில்லை. ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்பதில்லை என்று சொல்வதுதான் சரி. மற்றவர்கள் "ஓம்" என்று சொல்லிவிட்டு நடக்கும் இடத்தில் அக்கா நின்று யோசிப்பார். "முழங்கால் பரவாயில்லை. பிறஷர் போன செவ்வாய்க்கிழமை பாத்தது, சரியா இருந்தது. இண்டைக்கு எப்பிடியெண்டு சொல்ல ஏலாது, பாக்கேல்லை." அதற்குள் கேட்டவருடைய பஸ் போயிருக்கும்.

தன் கண்ணால் காணாத ஒன்றை அவர் வாயால் சொல்லமாட்டார். கேட்க நல்ல குணம்போல இருக்கும். ஆனால் இத்தாலியில், பலேர்மோவில் இருக்கும் எங்கள் யாழ்ப்பாணச் சனத்துக்கு அவர் ஒரு நடமாடும் இடைஞ்சல். நாங்கள் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்வதில் முக்கால்வாசி காணாதது. காணாததைச் சொல்லத் தடை வந்தால் கோயில் திருவிழாவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்க எங்களிடம் விஷயம் இருக்காது.

ஒருநாள் லண்டனிலிருந்து ஒரு தாய் தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி அக்காவிடம் தொலைபேசியில் விசாரித்தார். மாப்பிள்ளை அக்காவின் மேல்வீட்டுக்காரன். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பொடியன் எப்பிடி அக்கா?"

"உயரம். கண்ணாடி போட்டிருக்கிறார்."

"அதில்லை, குணம்?"

"படியிலை கண்டால் விலகி வழி விடுவார். அதுக்கு மிஞ்சி நான் காணேல்லை."

"குடி கிடி உண்டோ?"

"கதவைச் சாத்திப்போட்டுத்தானே இருக்கிறார். எனக்கெப்பிடித் தெரியும்?"

சம்பந்தம் குழம்பிப்போனது. பொடியன் ஒரு மாதம் அக்காவைப் படியில் கண்டும் விலகவில்லை. அக்கா அதையும் குறித்துக்கொண்டார். "இப்ப ஆரும் கேட்டால், வழி விடுறதில்லை எண்டுதான் சொல்லவேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் ரொசாலியா மாதாவின் மலைக்கு ஏறும். சைவக்காரரும் ஏறுவோம், தெய்வத்திடம் குடியுரிமை பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அக்கா மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்த்தி வைத்து வெறுங்காலுடன் ஏறினார். "மாதா சுகப்படுத்திப் போட்டா, என்ன?" என்று ஒருவர் உருகிக் கேட்டதற்கு அவர் சொன்னது இது: "நான் ஏறினனான். அவனுக்குக் காய்ச்சல் மாறினது. ரெண்டுக்கும் தொடுப்பு இருக்கோ எண்டு நான் காணேல்லை." அடுத்த வருடமும் வெறுங்காலுடன்தான் ஏறினார்.

இப்படிப்பட்டவரைக் கடவுள் எங்கே வேலைக்கு வைக்கவேண்டுமோ அங்கே வைத்திருந்தார். துறைமுகத்துக்கும் பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தா வீதிக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய தெருவில், வெளிநாட்டு வேட்டைத் துவக்குகள் இறக்கி விற்கும் கடையில்.

முதலாளி ஒரு கிழட்டு இத்தாலியர், 'சிஞ்ஞோர்' என்றுதான் கூப்பிடுவோம். அக்கா முதலில் அவர் வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் போனவர். அந்த வீட்டில் காணாமல்போன கடதாசி ஒவ்வொன்றும் அக்கா வந்தபின் கண்டுபிடிக்கப்பட்டது. சில, காணாமல்போனதென்று யாருக்கும் தெரியாதவை. சிஞ்ஞோர் அவரைக் கடைக்குக் கொண்டுபோனார். சில வருடங்களில், தான் இல்லாத நேரத்தில் கடைக்குப் பொறுப்பாளர் என்று க்வெஸ்தூராவில் அவர் பெயரைக் கொடுத்தார். பொலிஸ் தலைமையகத்தில் பெயர் பதிந்த முதல் தமிழ்ப் பெண், குற்றமேதும் செய்யாமல் பதிந்தவர் என்ற வகையில், அக்காவாகத்தான் இருக்கும். இதையும் நான் சரிபார்க்கவில்லை. அக்கா கேட்டால் கோபிப்பார்.

நான் அங்கே போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. காலையில் லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோராவின் சலவைக்கல் தரையைத் துடைப்பேன். பின்னேரங்களில் துவக்குக்கடையைக் கூட்டுவேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும் என்பதால் பெட்டிகளோடு வரும் கடதாசிகளையும் வாசிப்பேன். இளவயதில் நான் சமாதானத்தைப் பற்றி முப்பத்தாறு கவிதைகள் எழுதியவன். துவக்குக்குப் பயந்து நாடு நாடாக ஓடி, கடைசியில் துவக்குக்கு நடுவில் தும்புத்தடியோடு நின்றேன். கவிதைகளால் ஒரு துவக்கும் கீழே வைக்கப்படவில்லை. கடையில் குறைந்தபட்சம் தூசியாவது குறைந்தது.

வேலை என்னவென்றால் இதுதான். வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் என்று தானாக ரவை ஏறும் துவக்குகள் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். வந்ததை அப்படியே விற்க முடியாது. குழல், உடல், சூட்டறையை அடைக்கும் இரும்புத் துண்டு, இந்த மூன்றும் இத்தாலியச் சட்டத்தின் கண்ணில் தனித்தனியே துவக்குகள்தான். ஒவ்வொன்றிலும் இலக்கம் வெட்டியிருக்கவேண்டும். வெட்டியிருப்பதும் கடதாசியில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்த அடைக்கும் துண்டுக்கு இத்தாலியர் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'மூடி' என்போம். சீரகப் போத்தலின் மூடியைப்போலப் பேசுவோம். பெருவிரலைவிடக் கொஞ்சம் பருமன். அதை ஒருவர் அனுமதியில்லாமல் பொக்கற்றில் வைத்துத் தெருவில் நடந்தால், துவக்கோடு நடந்ததாகத்தான் கணக்கு.

அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. மேசையில் பச்சைத்துணி விரித்து, பகுதிகளைப் பரப்பி, அவர் இரும்பிலுள்ள இலக்கத்தைத் தமிழில் உரத்து வாசிப்பார். நான் கடதாசியைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

"இரும்பைப் பாக்கிறவர் கடதாசியைப் பாக்கக்கூடாது. கடதாசியைப் பாக்கிறவர் இரும்பைப் பாக்கக்கூடாது. ரெண்டையும் ஒராள் பாத்தால் கண் சமாதானம் பேசிப்போடும்."

"ஏன் அக்கா தமிழிலை? இத்தாலியனிலை வாசிச்சால் சிஞ்ஞோருக்கும் விளங்குமே."

"இத்தாலியனிலை வாசிச்சால் வாய்தான் வாசிக்குது. நான் வாசிக்கேல்லை."

பிறகு, ரவை அடுக்கும் மகசின். பத்து ரவைக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது சட்டம். கடதாசியில் பத்து என்றுதான் இருக்கும். அக்கா செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பொய்ரவைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, பத்து முடிந்ததும் பதினோராவதை எடுத்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அது போகக்கூடாது. ஒருமுறை ஒரு பெட்டியில், அமுக்க அமுக்க, பதினோராவது முனகிக்கொண்டே உள்ளே போனது. சிஞ்ஞோர் அமுக்கினார், போகவில்லை. நான் அமுக்கினேன், என் பெருவிரலைப் பற்றிப் பேசாமல் விடுவோம். தேங்காய் துருவி, மா பிசைந்து, நாலு வீட்டுச் சட்டியைத் தேய்த்த அக்காவின் விரலுக்கு மட்டும்தான் போனது. முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பச் சொன்னார். வட இத்தாலியிலிருந்து இறக்குமதி முகவர் தொலைபேசியில் கத்தினார்: "அம்மா, இப்படி யார் அமுக்குவார்கள்?"

அக்கா அமைதியாக இத்தாலிய மொழியில் சொன்னார்: "நான் அமுக்கினேன்."

எங்கள் ஆட்கள் சிலர் அவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நாங்கள் பட்டதெல்லாம் பட்டபிறகு இந்த வேலைக்கு எப்படி மனம் வருகிறது என்று ஒரு சபையில் ஒருவர் நேரே கேட்டார். கறிக்கரண்டியோடு நின்ற அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்கை துவக்கு நம்பரில்லாமல் வந்தது. ஆர் கொண்டுவந்தது, ஆருக்குக் குடுத்தது, ஒண்டும் தெரியாது. இஞ்சை நம்பரோடை வருது." பிறகு கேட்டவருக்கு இன்னொரு கரண்டி கறி விட்டார். அந்தக் கரண்டியில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

சனிக்கிழமை கடை மூடும்போது நாங்கள் அணியும் நீல மேற்சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்ப்போம். போகுமுன் வாசலில் நின்று பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டவேண்டும். இதுவும் அக்காவின் ஏற்பாடு. முதல்தடவை எனக்கு உடம்பு கூசியது. நானும் சோதனைச்சாவடிகளில் கையை உயர்த்தி நின்று வளர்ந்தவன். அக்கா அதைக் கண்டிருக்கவேண்டும்.

"ஆமிக்காரனுக்குக் காட்டினமாதிரி நினையாதையும், தம்பி. அவன் தன்ரை பொக்கற்றை எங்களுக்குக் காட்டினவனோ? இஞ்சை நானும் உமக்குக் காட்டுறன்." தன் பொக்கற்றுகளையும் இழுத்துக் காட்டினார். ஒரு கைலேஞ்சி, அரைவாசி உறிஞ்சிய இருமல் இனிப்பு. தலை பாதி நரைத்த என்னை 'தம்பி' என்று கூப்பிட அவருக்கு ஐந்து வயது மூப்பு போதுமானதாக இருந்தது.

பொக்கற் முடிந்ததும் அவர் உள்ளே போய் அலுமாரியிலுள்ள ஒவ்வொரு பகுதியையும் எண்ணி, 'மூடும் தாள்' என்ற ஒன்றில் "எல்லாம் இருக்கக் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். பொலிஸ் பரிசோதனைக்கு வந்தால் அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் கடைசி மூடியை எண்ணெய்த்துணியால் துடைத்து, அலுமாரியில் அதற்குரிய அறையில் வைக்கப் போய்க்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, கொமூனேலை இருந்து லெத்தேரா வந்திருக்கு! வியாழக்கிழமை ஜுராமென்தோ! மூண்டு கிழமையா போஸ்தாவிலை கிடந்திருக்கு, கே வெர்கோஞ்ஞா, வெக்கக்கேடு!"

நகரசபையில் சத்தியம் செய்து இத்தாலியக் குடிமகன் ஆவதற்கான நாள். பதினொரு வருடமாக நான் காத்திருந்த கடிதம். எனக்குக் கிடைத்தால் பதினெட்டு முடியாத மகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். அவளுக்குப் பதினெட்டாக இரண்டு மாதம்தான் இருந்தது. நான் சத்தமிட்டு அழுதேனா சிரித்தேனா என்று ஞாபகமில்லை. ஒரு கையில் இருந்ததை எங்கேயோ வைத்துவிட்டு இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்திருந்தேன்.

அக்கா வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்பு பார்த்ததில்லை. "போம், போம். கடிதத்தை முதல்லை கண்ணாலை பாரும். நான் பூட்டுறன்."

நான் ஓடினேன். நீல மேற்சட்டையோடேயே ஓடினேன். வாசலில் அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, உங்கடை சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இரும்புத்துண்டொண்டு கிடக்கு. தண்ணிப் பைப்பின்டை சாமானோ?"

தண்ணீர்க் குழாயின் சாமான் இல்லை. எண்ணெய்த்துணி அவிழ்ந்து, சலவைத்தூள் பெட்டிக்குப் பக்கத்தில் மூடி மினுங்கிக்கொண்டு கிடந்தது.

அதிகம் வாசித்தவனுக்கு ஒரு கெடுதி உண்டு: ஆபத்து வந்தால் அவன் ஓடமாட்டான், ஆராய்வான். நானும் ஆராய்ந்தேன். இதை வீட்டில் வைத்திருப்பது அனுமதியற்ற ஆயுதத்தை வைத்திருந்த குற்றம். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அனுமதியற்ற ஆயுதத்தோடு தெருவில் நடந்த குற்றம். கடலில் எறிந்தால் முதல் இரண்டோடு சாட்சியத்தை அழித்த குற்றமும். பேசாமல் நின்றால், நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முதல் குற்றம். ஒரு மனிதன் சும்மா நின்றபடி இவ்வளவு குற்றம் செய்யலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் நகரத்தின் ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டில் நின்றார்.

"சத்தமாக் கதையும் தம்பி, இஞ்சை மேளம் போட்டிருக்கினம்."

"மூடி ஒண்டு என்னட்டை வந்திட்டுது அக்கா."

மேளச்சத்தம் தூரப்போனது. வெளியே வந்திருக்கவேண்டும்.

"நம்பரை வாசியும்."

வாசித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

"எங்கை கிடக்கு?"

"குசினி மேசையிலை. சவுக்காரத்தூளுக்குப் பக்கத்திலை."

"ஆர் தொட்டது?"

"மனிசி. பிறகு நான்."

"இனி ஒருத்தரும் தொடாதையுங்கோ. நான் பொலிசுக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

"பொலிசுக்கோ? அக்கா, வியாழக்கிழமை எனக்கு…"

"ஓம், தெரியும்." வைத்துவிட்டார்.

என் மனைவி சுவரோடு சாய்ந்து நின்றாள். "அந்த மனுசிக்கு ஏன் எடுத்தனீங்கள்? உங்களுக்கு வேறை ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" நியாயமான கேள்வி. மகள் தன் அறைக்கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினாள்.

பத்து நிமிடத்தில் சிஞ்ஞோர் அழைத்தார். அவர் பேச்சில் எப்போதும் இருக்கும் தேன் அன்று இல்லை.

"ஏனப்பா அவளிடம் சொன்னாய்? என்னிடம் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டு வா என்றிருப்பேன். முடிந்திருக்கும். இப்போது எனக்குச் சொல்வதற்கு முன்பே அவள் பொலிசுக்குச் சொல்லிவிட்டாள்." மூச்சு வாங்கினார். "கேள். நேற்றைய மூடும் தாளில் எல்லாம் இருந்தது என்று அவள் கையெழுத்து இருக்கிறது. கடையின் பக்கம் சுத்தம். உன் பக்கத்தை நீ பார்த்துக்கொள்."

எனக்கு விளங்க அரைநிமிடம் எடுத்தது. கடை மூடும்போது மூடி அலுமாரியில் இருந்தது என்று தாள் சொல்கிறது. அப்படியானால் மூடிய பிறகுதான் அது என் குசினிக்கு வந்திருக்கவேண்டும். மூடிய கடையிலிருந்து ஆயுதம் எடுத்தவனுக்குத் தமிழில் ஒரு சொல், இத்தாலிய மொழியில் ஒரு சொல், இரண்டும் எனக்குத் தெரியும். அக்காவின் கையெழுத்து உண்மையென்றால் நான் கள்ளன். நான் கள்ளனல்ல என்றால் அக்காவின் கையெழுத்துப் பொய்.

பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் காரில் மறந்துவிட்டு வந்தவர். மற்றது எழுதுவதற்கு ஒரு இளம்பெண். மனைவி அவர்களுக்கு இஞ்சித் தேநீர் கொடுத்தாள். எங்கள் வீட்டில் யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், தேநீர்தான். வயதானவர் என் புத்தக அலுமாரியைப் பார்த்தார்.

"இவ்வளவும் வாசித்தாயா?"

"பாதி," என்றேன். வழக்கமாக 'எல்லாம்' என்பேன். அன்று என்னவோ உண்மை பேசும் நாள்போல இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். தொலைபேசி, கடிதம், ஓட்டம். இளம்பெண் எழுதினாள். பிறகு வயதானவர் கேட்டார்: "மூடும்போது எண்ணப்பட்டதா?"

அக்கா இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்.

"இல்லை," என்றேன். "பொறுப்பாக இருந்த அம்மா எண்ணவில்லை. எண்ணாமலே கையெழுத்து வைத்தார்."

என் வாழ்நாளில் அவ்வளவு இலக்கணசுத்தமான இத்தாலிய வாக்கியத்தை நான் பேசியதில்லை. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் வீட்டில், சாப்பாட்டு மேசையில், நகரசபைக் கடிதத்தை நாலாம்முறை வாசித்துக்கொண்டிருந்தேன். அதை நானாகவும் சொல்லவில்லை.

அக்கா வந்தபோது குங்குமச் சிவப்புப் பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் பலகாரப் பை. பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு மேசையருகே போய், குனிந்து, தொடாமல், மூடியின் இலக்கத்தை உதடு அசைய வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நேற்று மாலை நான் எண்ணவில்லை," என்றார் இத்தாலிய மொழியில். "எண்ணியதாகக் கையெழுத்து வைத்தேன். இவர் வைத்திருப்பார் என்று நினைத்தேன்."

'நினைத்தேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"அதை இவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்," என்றார் வயதானவர்.

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினேன்.

"இவர் நேர்மையானவரா, அம்மா?" வயதானவர் இளகிப்போய்த்தான் கேட்டார். ஒரு நல்ல சொல் கிடைத்தால் எழுதிவிட்டுப் போகலாம் என்பதுபோல. என் மனைவி கையைப் பிசைந்தாள். அக்கா தன் கைபேசியை எடுத்து அவருக்குக் காட்டினார்.

"பத்து ஏழுக்கு என்னை அழைத்தார். இதோ இருக்கிறது. கேட்ட இலக்கத்தைச் சரியாக வாசித்தார். மற்றது எனக்குத் தெரியாது."

இளம்பெண் அதையும் எழுதினாள். எழுதிய தாள்கள் இரண்டையும் அக்கா வாங்கி, முதலில் என்னுடையதை, பிறகு தன்னுடையதை, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். என் தாளில் ஓரிடத்தில் விரல் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விரல் கீழே இறங்கியது. தன் தாளில் கையெழுத்து வைத்தார். அவர்கள் மூடியை ஒரு உறையில் போட்டுக்கொண்டு போனார்கள். அக்காவும் தேநீர் குடிக்காமல் போனார்.

வியாழக்கிழமைவரை நான் தூங்கியதாக ஞாபகமில்லை. நகரசபை மண்டபத்தில் பெயர் கூப்பிடும்போது, பின்னால் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பினேன். கோப்பு வைத்திருந்த பெண் என் பெயரில் கொஞ்சம் தயங்கினாள். பெயரை உச்சரிக்கத் தெரியாமல்தான் தயங்கினாள். குடியரசுக்கு உண்மையாக இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். பக்கத்தில் மகள் கைபேசியில் படம் பிடித்தாள். அந்தப் படத்தில் நான் யாரையோ ஏமாற்றிவிட்டு வந்தவன்போல நிற்கிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, மேற்கொண்டு வழக்கில்லை என்று கடிதம் வந்தது. "இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போனது உன் அதிர்ஷ்டம்," என்றார் என் வக்கீல். "அந்த அம்மா தன் கையெழுத்தைக் காப்பாற்ற நினைத்திருந்தால் நீ இன்று எனக்குப் பெரிய வழக்கு."

க்வெஸ்தூரா அக்காவின் பெயரை நீக்கியது. சிஞ்ஞோர் வருத்தப்பட்டு, கையை விரித்து, தன் மருமகனை அந்த இடத்தில் வைத்தார். எனக்கு நீக்கல் கடிதம் வரவில்லை. கூட்டுகிறவனை யாரும் கடிதம் எழுதி நீக்குவதில்லை. ஆனால் ஒரே ஒரு நாள் மட்டும் வரச்சொல்லி அழைத்தார்கள். எல்லாவற்றையும் எண்ணிக் காட்டாமல் சாவியைக் கொடுக்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். தான் வாசிக்கக் கேட்பதற்கு என்னைக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான்.

காலை ஒன்பதிலிருந்து பின்னேரம்வரை அவர் தமிழில் வாசித்தார், நான் கடதாசியைப் பார்த்தேன். மருமகன் மூலையில் கைபேசியைப் பார்த்தான். இலக்கத்தைத் தவிர வேறு ஒரு சொல் எங்களுக்குள் இல்லை. மூடி பறிபோன துவக்கு வந்தபோது அவர் குழலையும் உடலையும் வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"மூடி பொலிசிலை எண்டு எழுதட்டோ அக்கா?"

"இப்பவும் அங்கைதான் கிடக்குதோ எண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'இஞ்சை இல்லை' எண்டு எழுதும்."

எழுதினேன். மருமகன் வாசிக்காமல் கையெழுத்து வைத்தான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். லிபெர்த்தாவில் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. பின்னேர முறைக்குப் போகவேண்டும். பஸ் தரிப்பிடம்வரை நானும் நடந்தேன். மாதக்கணக்கில் தொண்டையில் வைத்திருந்ததை ஒருவாறு வெளியே தள்ளினேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் வாறதுக்கு முதல் நான் சொல்லிப்போட்டன்."

"ஓம். வாசிச்சனான்."

பஸ் வளைவில் தெரிந்தது. அவர் இலக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தன்னுடைய பஸ்தான் என்று உறுதியானதும் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. ஒரு பட்டியலில் பிழையான வரியைத் தொட்டுக்காட்டும் குரல்.

"நான் எண்ணேல்லை எண்டது உண்மை, தம்பி. ஆனா நீர் அப்ப அங்கை நிக்கேல்லை."

கதவு திறந்தது. ஏறிப் போனார்.